மெத்தையின் மீது விழுந்த பழி

தையல்காரர் இதயச் சிகிச்சை முடிந்து வீடு திரும்பிய அன்று, படுக்கையறையில் ஒரு புதிய மெத்தை அவருக்காகக் காத்திருந்தது. அதைக் கொண்டுவந்து போட்டிருந்தவர் அவருடைய மனைவியின் அண்ணன். மெத்தைக்கடை நடத்துபவர். கடைத்தெருவில் எல்லோரும் அவரைப் 'பஞ்சு' என்றே அழைத்தார்கள். ஆனால் அவருடைய உருவத்திலோ குரலிலோ பஞ்சுக்குரிய மென்மை மருந்துக்கும் கிடையாது. கதவைத் தட்டினால் பக்கத்து வீட்டுக்காரரும் சேர்ந்து வந்து திறக்கும் அளவுக்குத் தட்டுவார்.

"மாப்ள, இது சாதாரண மெத்தை இல்ல. படுத்தா மேகத்து மேல படுத்த மாதிரி இருக்கும். உங்களுக்குன்னே நான் உக்காந்து தைச்சது" என்றார் பஞ்சு.

"மச்சான் தைச்சதுன்னா தையல் கோணலா இருக்குமே" என்றார் தையல்காரர்.

"ஏன், படுக்கப்போறீங்களா, இல்ல போட்டுக்கிட்டு ஊர்வலம் போகப்போறீங்களா?"

தையல்காரரின் மனைவி சிரித்துவிட்டார். அந்த வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டு வெகு நாட்களாகியிருந்தன. காரணம், தையல்காரரின் இதயம் சில காலமாகவே தாளம் தப்பித் துடித்துக்கொண்டிருந்தது. மிதியிலிருந்து காலை எடுத்த பிறகும் தையல் இயந்திரம் தானாகவே ஓடுவதைப் போல, அமைதியாக அமர்ந்திருக்கும்போதே அது தறிகெட்டு ஓடும். துணியை வெட்டக் கத்தரியைக் கையில் எடுப்பார், கண் இருளும், கத்தரியை மெல்ல வைத்துவிட்டுச் சுவரைப் பிடித்துக்கொள்வார். கோட்டுத் துணியை வெட்டும் வேலையை அவர் ஏறக்குறைய கைவிட்டிருந்தார். தைப்பதில் தவறினால் பிரித்துத் தைக்கலாம். வெட்டுவதில் தவறினால் என்ன செய்வது? அந்த அச்சம் அவரை வாட்டியது. இறுதியில் மருத்துவர், தொடையின் இரத்தக்குழாய் வழியாக மெல்லிய குழாய்களைச் செலுத்தி, தவறான துடிப்பைக் கிளப்பிவிடும் இடங்களை உள்ளேயே சுட்டு அடக்கியிருந்தார். இப்போது இதயம் நல்ல பிள்ளையாகத் துடித்துக்கொண்டிருந்தது.

வீட்டுக்கு அனுப்புவதற்கு முன் செவிலியர் மாத்திரைகளை விளக்கினார். அச்சமயம் மனைவி வாடகை வண்டியைத் தேடி வெளியே சென்றிருந்தமையால், அந்த விளக்கத்தைக் கேட்டவர் தையல்காரர் ஒருவர் மட்டுமே.

"இது ரத்தம் உறையாம இருக்கறதுக்கு. ஒரு வேளைகூடத் தவறக் கூடாது. இந்தச் சின்ன மாத்திரை வேற. இதயத்தைச் சுத்தி மெல்லிசா ஒரு உறை இருக்கும். உள்ள சூடு வெச்சதால அதுக்குக் கோபம் வந்து வீங்கலாம். வீங்காம பார்த்துக்கத்தான் இந்த மாத்திரை."

"கோட்டுக்கு லைனிங் கொடுக்கற மாதிரியா, சிஸ்டர்?"

"ஆமா. ஆனா இது வெளிப்பக்கம் இருக்கு."

"வெளிப்பக்கம் இருந்தா அது எப்படி லைனிங் ஆகும்?" தொழில் தொடர்பான பிழைகளைத் தையல்காரரால் பொறுத்துக்கொள்ள இயலாது.

"ஐயா, என்ன பேர் வேணும்னாலும் வெச்சுக்குங்க. மாத்திரையை மட்டும் விட்டுடாதீங்க. கொஞ்சம் வயித்தைக் கலக்கும். ரொம்பக் கலக்குச்சுன்னா எங்களுக்குப் போன் பண்ணுங்க, அளவைக் குறைச்சுத் தருவாங்க. நீங்களா நிறுத்தக் கூடாது. படுக்கும்போதோ மூச்சை இழுக்கும்போதோ நெஞ்சு வலிச்சா உடனே வாங்க. என்ன, சரியா?"

"ரொம்பச் சரி" என்றார் தையல்காரர்.

பாரம் எதையும் தூக்காமல் உட்கார்ந்து செய்யும் வேலையைத் தொடங்கலாம் என்று அனுமதி கிடைத்ததும் அவர் கடையைத் திறந்தார். இரத்தம் உறையாமல் இருப்பதற்கான மாத்திரை மனைவியின் கண்காணிப்பில் வீட்டிலேயே இருந்தது. மதிய உணவுக்குப் பின் விழுங்க வேண்டிய சின்ன மாத்திரையை மட்டும் அவர் கடைக்கு எடுத்துச் சென்றார். தொல்லை அங்கிருந்துதான் ஆரம்பமாயிற்று.

அவருடைய கடை, ஒரு நீண்ட கட்டடத்தில் வரிசையாக அமைந்த கடைகளுள் ஒன்று. கடைகள் அனைத்துக்கும் சேர்த்துப் பின்புறத்தில் ஒரே ஒரு கழிப்பறை. அதன் சாவி, கோடியில் இருந்த ஜெராக்ஸ் கடைக்காரரிடம் இருந்தது. யாரும் தொலைத்துவிடாமல் இருக்க, அதை ஒரு பழைய நாற்காலிக் காலில் கட்டி வைத்திருந்தார். ஆகவே அந்தச் சாவியைக் கையில் எடுத்துக்கொண்டு நடப்பவர் எங்கே போகிறார் என்பதைத் தெருவுக்கே அறிவித்துக்கொண்டுதான் நடக்க வேண்டும்.

செவிலியர் கொஞ்சம் கலக்கும் என்று சொன்ன வயிறு, கொஞ்சத்தோடு நிற்கவில்லை. இதை எழுதுவதற்குச் சற்றுக் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் கதையே அதில்தான் இருக்கிறது.

"என்ன மாஸ்டர், மறுபடியுமா?" என்று ஜெராக்ஸ் கடைக்காரர் உரக்கக் கேட்பார். பக்கத்தில் பிரதி எடுக்க நின்றிருக்கும் கல்லூரி மாணவிகள் திரும்பிப் பார்ப்பார்கள்.

"கை கழுவணும்" என்பார் தையல்காரர்.

"நல்லாக் கழுவுங்க. காலையிலேருந்து கழுவிக்கிட்டே இருக்கீங்க. அந்தக் கையில ரேகையாவது மிச்சம் இருக்கா?"

இதையும் அவர் பொறுத்துக்கொண்டார். பொறுக்க முடியாமல் போனது கல்லூரி முதல்வர் கோட்டுக்கு அளவு பார்க்க வந்த மதியம். பட்டமளிப்பு விழாவுக்கான கோட்டு அது. முதல்வரை இரு கைகளையும் விரித்து நிற்கச் சொல்லி, விலாப்பக்கத்திலும் அக்குளிலும் குண்டூசிகளைக் குத்திக்கொண்டிருந்த வேளையில் தையல்காரருக்கு அடிவயிற்றில் இடி இடித்தது. "ஒரே ஒரு நிமிஷம், சார்" என்று சொல்லிவிட்டு ஓடினார். கழிப்பறையில் ஏற்கெனவே ஆள் இருந்தது. அவர் திரும்பி வந்தபோது, கையை இறக்கினால் ஊசி குத்தும் என்ற அச்சத்தில், முதல்வர் சிறகு விரித்த கழுகைப் போல அப்படியே நின்றுகொண்டிருந்தார். கண்ணாடிக் கதவுக்கு வெளியே அவருடைய மாணவர்கள் மூவர் நின்று வணக்கம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். பதில் வணக்கம் சொல்லவும் அவருக்குக் கை இல்லை.

அன்றோடு தையல்காரர் அந்தச் சின்ன மாத்திரையை நிறுத்திவிட்டார். மருத்துவமனைக்குத் தொலைபேசியில் அழைத்து, ஓர் இளம்பெண்ணிடம் தம் வயிற்றின் நடமாட்டத்தை விவரிப்பதை நினைத்தாலே அவருக்கு உடல் கூசியது. இதயம்தான் நன்றாகத் துடிக்கிறதே, மேலுறையைப் பற்றி என்ன கவலை என்று தமக்குத்தாமே சமாதானம் சொல்லிக்கொண்டார். மாத்திரை அட்டை, பொத்தான்கள் வைக்கும் டப்பாவுக்குள் போய்ச் சேர்ந்தது.

வயிறு அடங்கியது. முதல்வரின் கோட்டு அழகாக அமைந்தது. பிறகு ஓர் இரவு மெத்தையில் மல்லாந்து படுத்தபோது, நெஞ்சின் நடுவில் ஊசியால் குத்துவது போன்ற வலி எழுந்தது. மூச்சை இழுத்தால் அது கூடியது. எழுந்து உட்கார்ந்தால் குறைந்தது.

செவிலியரின் சொற்கள் அவருக்கு நினைவில் இல்லாமல் இல்லை. ஆனால் மறுநாள் கடையில் இயந்திரத்தின் முன் குனிந்து அமர்ந்தபோது வலி இருந்த இடமே தெரியவில்லை. மாலையில் வீடு திரும்பிப் படுத்தவுடன் மீண்டும் அதே குத்தல். இதயத்தில் கோளாறு என்றால் கடையிலும் வலிக்க வேண்டாமா? இதயத்துக்கு வீடு என்ன, கடை என்ன? அவர் தீர யோசித்து, தமக்கு மிகவும் பிடித்தமான முடிவுக்கு வந்தார். குற்றவாளி மெத்தை.

"என்னங்க, உக்காந்துக்கிட்டே தூங்கறீங்க?" என்று மனைவி கேட்டார்.

"உங்க அண்ணன் மெத்தைக்குள்ள எதையோ வெச்சுத் தைச்சிருக்காரு. படுத்தா நெஞ்சுல குத்துது."

"முதுகுல இருக்கற மெத்தை நெஞ்சுல எப்படிங்க குத்தும்?"

"அதைத்தான் உங்க அண்ணன்கிட்ட கேக்கணும்."

இந்தச் செய்தி பஞ்சுவின் காதுக்கு எட்டிய வேகம் வியப்புக்குரியது. மறுநாள் காலை, மனைவி தம் அலுவலகத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தபோதே கதவு அதிர்ந்தது. பஞ்சு வணக்கம்கூடச் சொல்லாமல் படுக்கையறைக்குள் நுழைந்து, மெத்தையைப் புரட்டி, தட்டி, முகர்ந்து, கடைசியில் அதன் ஓரத் தையலைப் பிரித்தே விட்டார்.

"பாருங்க மாப்ள, நல்லாக் கையை விட்டுப் பாருங்க. ஊசி இருக்கா? ஆணி இருக்கா? என் மானத்தையாவது அதுக்குள்ள தேடிக் கண்டுபிடிச்சுக் கொடுங்க!"

"ஊசின்னு நான் சொல்லல மச்சான். அமைப்பு சரியில்லன்னுதான் சொன்னேன்."

"அமைப்பா? இதே மெத்தையிலதான் ஓட்டல் முதலாளி குடும்பமே படுக்குது. அவங்க யாருக்கும் நெஞ்சு வலிக்கல. சரி, இப்ப என் முன்னாடி படுங்க."

தையல்காரர் படுத்தார். முகம் சுருங்கியது.

"வலிக்குதா?"

"வலிக்குது."

பஞ்சு பழைய மெத்தையைப் பரணிலிருந்து இழுத்துப் போட்டார். அதில் படுத்தும் வலித்தது. கட்டிலின் வெறும் பலகையில் படுக்கச் சொன்னார். வலித்தது. அடுத்து, தரையில் ஒரு விரிப்பும் இல்லாமல் படுக்கச் சொன்னார். தையல்காரர் படுத்து, மெதுவாக மூச்சை இழுத்து, பாதியிலேயே நிறுத்திவிட்டார்.

"வலிக்குதா, மாப்ள?"

"...வலிக்குது."

"அப்ப இந்தப் பூமியையும் நான்தான் தைச்சேனா?" என்று பஞ்சு முழங்கினார். முழங்கிய வேகத்திலேயே அவருடைய முகம் மாறியது. வெற்றி பெற்றவருக்குரிய முகமாக அது இல்லை. தரையில் கிடந்த தங்கையின் கணவருடைய நெற்றியில் வியர்வை அரும்பியிருந்ததை அவர் கண்டுவிட்டார். ஒரு கையை முதுகுக்கு அடியில் கொடுத்து அவரைத் தூக்கி உட்காரவைத்தார். தையல்காரர் தம்மையறியாமல் முன்னால் குனிந்து முழங்கால்களின் மீது முழங்கைகளை ஊன்றிக்கொண்டார்.

"இப்ப?"

"இப்ப இல்ல."

"மிஷின்ல உக்காந்திருக்கற மாதிரியே உக்காந்திருக்கீங்க" என்றார் மனைவி வாசற்படியிலிருந்து. கைப்பையை அவர் எப்போதோ கீழே வைத்திருந்தார். "கடையில வலிக்கலன்னு சொன்னது இதனாலதானா? அங்க நாள் பூரா குனிஞ்சேதான் இருப்பீங்க. என்னங்க, ஆஸ்பத்திரியில இதைப் பத்தி எதாவது சொன்னாங்களா?"

தையல்காரருடைய மௌனத்தை மொழிபெயர்க்க மனைவிக்கு அகராதி தேவைப்படவில்லை.

"மாத்திரை எங்க?"

"கடையில... பொத்தான் டப்பாவுல."

"பொத்தான் டப்பாவுலயா! சட்டைக்கா தைக்கப்போறீங்க?"

அதன் பிறகு எல்லாம் வெளியே வந்தது. வயிறு, சாவி, நாற்காலிக் கால், கை விரித்து நின்ற முதல்வர், எதையும் அவர் மறைக்கவில்லை. முதல்வர் கழுகாக நின்ற கட்டத்தில் பஞ்சு முகத்தைத் திருப்பிக்கொண்டார்; தோள்கள் மட்டும் குலுங்கின. மனைவி சிரிக்கவில்லை.

"இதைச் சொல்றதுல என்னங்க வெட்கம்? வயிறுன்னு ஒண்ணு எல்லாருக்கும்தான் இருக்கு."

"வெட்கம் மட்டும் இல்ல" என்றார் தையல்காரர். அவருடைய குரல் தாழ்ந்திருந்தது. "படுத்தா வலிக்குதுன்னு போய் நின்னா, செஞ்சது சரியா வரல, திரும்பப் பண்ணணும்னு சொல்லிடுவாங்களோன்னு பயமா இருந்துச்சு. இப்பதான் கத்தரியைத் தைரியமாப் பிடிக்கறேன். பழையபடி ஆயிடுச்சுன்னா... அதனால மெத்தையாவே இருந்துட்டுப் போகட்டும்னு நினைச்சேன்."

பிரிந்து கிடந்த தையலிலிருந்து ஒரு பஞ்சுத் துணுக்கு எழுந்து காற்றில் மிதந்தது. பிறகு பஞ்சு தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"மாப்ள, என் மெத்தையை நீங்க எவ்வளவு வேணும்னாலும் திட்டுங்க. அது தாங்கும். இப்ப சட்டையைப் போடுங்க. வண்டி வாசல்லதான் நிக்குது."

"ஒரு வலி மாத்திரை போட்டுப் பார்த்துட்டு..."

"ஒண்ணும் வேணாம்!" என்று அண்ணனும் தங்கையும் ஒரே குரலில் சொன்னார்கள்.

பஞ்சுவின் வண்டி மெத்தைகளை ஏற்றிச் செல்லும் வண்டி. வண்டியை ஓட்டிய பஞ்சுவுக்கும் மனைவிக்கும் நடுவில் அமர்ந்து, முன்னால் குனிந்தபடியே தையல்காரர் மருத்துவமனை போய்ச் சேர்ந்தார். வழியில் ஒவ்வொரு வேகத்தடையிலும் பஞ்சு வண்டியை ஏறக்குறைய நிறுத்தி, கண்ணாடிப் பாத்திரங்களை ஏற்றி வருபவரைப் போல இறக்கினார். பின்னால் வந்தவர்கள் ஒலியெழுப்பித் திட்டியபோது, அவரும் சாளரத்தின் வழியே உரிய மரியாதையைத் திருப்பிச் செலுத்தினார்.

மருத்துவர் சிறிய உருவமும் பெரிய கண்ணாடியும் உடைய பெண்மணி. இதயத் துடிப்பின் வரைபடத்தை எடுக்கச் செய்தார். இரத்தப் பரிசோதனைக்கு அனுப்பினார். ஒலியலைக் கருவியால் இதயத்தைத் தாமே பார்த்தார். தையல்காரர் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். மனைவி தம் கைப்பையின் பிடியை முறுக்கிக்கொண்டிருந்தார்.

"துடிப்பு அருமையா இருக்கு. ஒரு அடிகூடத் தப்பல" என்றார் மருத்துவர்.

"அப்படின்னா திரும்ப...?"

"எதுவும் திரும்பச் செய்ய வேண்டாம். இது உள்ள இருக்கற கோளாறு இல்ல. இதயத்தைச் சுத்தி இருக்கற உறை வீங்கியிருக்கு. கொஞ்சமா நீரும் சேர்ந்திருக்கு. அதனாலதான் படுத்தா, மூச்சை இழுத்தா வலிக்குது, குனிஞ்சா குறையுது. இது வரக் கூடாதுன்னுதான் அந்தச் சின்ன மாத்திரை. எத்தனை நாள் போட்டீங்க?"

தையல்காரர் செருப்பைப் பார்த்தார்.

"பொத்தான் டப்பாவுல வெச்சிருக்காரு, டாக்டர்" என்றார் மனைவி.

மருத்துவரின் கண்ணாடி மூக்கின் நுனிவரை இறங்கியது. கழிப்பறைச் சாவியின் வரலாற்றையும் அவர் பொறுமையுடன் கேட்டார். கேட்டு முடித்தபோது அவருடைய உதட்டோரம் துடித்தது. ஆயினும் குரலில் கண்டிப்பு குறையவில்லை.

"போட்டிருந்தாலும் சில பேருக்கு வரும். முழுசா உங்க மேல பழி போட மாட்டேன். ஆனா போட்டிருந்தா வராமலே போக நல்ல வாய்ப்பு இருந்தது. வயித்தைக் கலக்குதுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அளவைக் குறைச்சிருப்போம். அதைவிட முக்கியம், நெஞ்சு வலியை மெத்தை தலையில கட்டிட்டு உக்காந்திருந்தீங்களே, அது வேற எதாவதா இருந்திருந்தா? ரத்தம் உறையாம இருக்கற மாத்திரையும் சாப்பிடறீங்க. நீரு அதிகமாச் சேர்ந்திருந்தா நிலைமையே வேற. இனிமே வலின்னா முதல்ல என்கிட்ட, அப்புறம் மெத்தைகிட்ட. கடையில வலி மாத்திரை வாங்கிப் போட்டுக்கற வேலையும் வேணாம்."

"அப்படிப் போடப் பார்த்தாரு. நாங்கதான் விடல" என்று பின்னாலிருந்து பஞ்சுவின் குரல் எழுந்தது. மெதுவாகப் பேசுவதாக எண்ணிக்கொண்டுதான் பேசினார். வராந்தாவில் இருவர் திரும்பிப் பார்த்தார்கள்.

"இவர் யாரு?"

"மெத்தை தயாரிப்பாளர்" என்றார் தையல்காரர் அடக்கமாக.

மருத்துவர் அன்று அவரை அங்கேயே வைத்துக் கவனித்தார். நீர் கூடவில்லை என்று உறுதியான பின், குறைத்த அளவில் அதே சின்ன மாத்திரையைக் கொடுத்து அனுப்பினார், ஓய்வையும் வற்புறுத்தினார். பஞ்சு தம் கடையிலிருந்து தலையணைகளைக் கொண்டுவந்து, நாற்காலிக்கு முன்னால் ஒரு குன்று எழுப்பினார். தையல்காரர் அதைக் கட்டிக்கொண்டு குனிந்தபடியே உறங்கினார். மைத்துனர் தினமும் மாலையில் வந்து நலம் கேட்பார். கேட்கும் சாக்கில் தலையணைகளைத் தட்டிச் சீராக்கிவிட்டுப் போவார். பிரித்த மெத்தையையும் அவரே தைத்து முடித்தார். கோணலாகத்தான் தைத்தார். தையல்காரர் அதைப் பார்த்தும் வாயைத் திறக்கவில்லை. அவருடைய வாழ்நாளில் அதற்கு இணையான நன்றியை அவர் யாருக்கும் செலுத்தியதில்லை.

கடையை மீண்டும் திறந்த நாளில் அவர் நேராக ஜெராக்ஸ் கடைக்குச் சென்றார். வழக்கம்போல் கூட்டம் இருந்தது.

"இதயத்துக்கு ஒரு மாத்திரை சாப்பிடறேன். அது வயித்தைக் கலக்கும். இன்னும் கொஞ்ச நாளைக்கு நான் சாவி கேட்டு வருவேன், ஓடியும் வருவேன்" என்றார். காது நுனிவரை சிவந்திருந்தது. ஆனால் குரல் நடுங்கவில்லை.

ஜெராக்ஸ் கடைக்காரர் திகைத்துப்போனார். "ஐயோ மாஸ்டர், இதை முன்னாடியே சொல்லியிருக்கலாமே. எனக்கும் சர்க்கரை. ராத்திரியெல்லாம் நடைதான்" என்றார். வரிசையில் நின்றிருந்த ஒரு பெரியவர், தமக்கு இருக்கும் மூலத் தொந்தரவைப் பற்றிச் சொல்லத் தொடங்கினார். அதைக் கேட்டு முடிக்காமல் அங்கிருந்து அகல்வது மரியாதையாக இராது என்பதால், தையல்காரர் கடை திறக்கத் தாமதமாயிற்று.

சில வாரங்களுக்குப் பின் மறுபரிசோதனைக்கு அழைத்திருந்தார்கள். ஒலியலைக் கருவியை இயக்குபவர் ஓர் இளம்பெண். "மல்லாந்து படுங்க" என்றார். தையல்காரர் மேசையின் விளிம்பில் உட்கார்ந்து, ஒரு கணம் தயங்கினார். கதவின் சிறு கண்ணாடி வழியே மனைவியின் ஒரு கண்ணும், அதற்கு மேலே பஞ்சுவின் முழு முகமும் தெரிந்தன. மெல்லச் சாய்ந்தார். முதுகு படிந்தது. காத்திருந்தார். ஒன்றும் குத்தவில்லை. நம்பிக்கை வராமல் இன்னும் சற்றுக் காத்திருந்தார்.

"நீர் சுத்தமா வத்திடுச்சு, உறையும் நல்லா இருக்கு" என்று திரையைப் பார்த்தபடியே அந்தப் பெண் சொன்னார். "இப்ப மூச்சை நல்லா இழுங்க. வலிக்குதா?"

தையல்காரர் இழுத்தார். விலா எலும்புகள் விரிய, தோள் உயர, அடிவயிறுவரை இழுத்தார். அளவெடுக்கும்போது வாடிக்கையாளர்களிடம் அவர் வேண்டாம் என்று தடுக்கும் அளவுக்கு மார்பு விம்மியது. எங்கும் வலிக்கவில்லை. இயந்திரத்தில் இதயம் ஒரே சீராகத் தட்டிக்கொண்டிருந்தது.

"வலிக்கல" என்றார். கண்கள் ஈரமாயிருந்தமையால், வேறு ஏதாவது பேசுவது நல்லது என்று அவருக்குத் தோன்றியது. "ஆனா, நீங்க தப்பா நினைக்கலன்னா ஒண்ணு சொல்லட்டுமா, அம்மா? இந்த மேசை மேல போட்டிருக்கற மெத்தை ரொம்ப மெல்லிசு. நோயாளிங்க பாவம். எங்க மச்சான் ஒருத்தர் மெத்தைக்கடை வெச்சிருக்காரு..."

"ஐயா, பேசாதீங்க. படம் ஆடுது."

"மன்னிக்கணும்" என்று சொல்லிவிட்டு, தையல்காரர் இன்னொரு முறை, யாரும் கேட்காமலே, மூச்சை ஆழமாக இழுத்தார்.